முத்துச் சலாபமும் சிப்பியின் புரதமும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் கடலை நெருங்கி வரும் இடத்தில், ஏட்டில் குலசேகரன்பட்டினம் என்றும் பேச்சில் குலசை என்றும் வழங்கும் ஊர் இருக்கிறது. தசராவில் முத்தாரம்மன் சந்நிதிக்கு வேஷம் கட்டி வரும் பக்தர் கூட்டத்தாலும், 1942-இல் அங்குள்ள உப்பளத்தில் நடந்த கிளர்ச்சியாலும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்தாலும் இக்காலத்தவர் அறிந்திருக்கும் இவ்வூர், அவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே, பாண்டியன் குலசேகரன் பெயரைத் தாங்கிய துறைமுகமாக, கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி, மணப்பாடு என்று நீளும் முத்துக் கரையின் ஓர் அங்கமாக விளங்கியது. இக்கரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் முத்தைப் பற்றி எழுதினார்கள். முத்தின் பொருட்டுப் போரிட்ட அரசர்களையும் கம்பெனிகளையும் பற்றி எழுதினார்கள். ஆனால் முத்தை ஈன்ற சிப்பியின் ஊனுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டொரு வரியில் கடந்து போனார்கள். முத்துக் குளிப்பாகிய சலாபம் என்ற அந்தப் பெருந்தொழிலின் உட்பொருள் அந்த இரண்டொரு வரியில்தான் அடங்கிக் கிடக்கிறது என்பது என் கருத்து.

கொற்கை முத்தின் தொன்மையை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழ் வாசகர் அதைச் சங்கச் செய்யுட்களின் வாயிலாக நன்கு அறிவர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், இக்கரையின் முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஏவப்பட்டதைச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறா முதலிய கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டிவைப்பவருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாகக் குறித்தார். அந்த மந்திரவாதிக்குக் கரையோரத்தில் கடல்கட்டி என்று பெயர். பிற்காலத்தில் இலங்கைச் சலாபங்களை நடத்திய ஆங்கில உத்தியோகஸ்தர்கள், மந்திரத்தில் அணுவளவும் நம்பிக்கை இல்லாதவர்களாக இருந்தும், கடல்கட்டி கரையில் நின்றாலன்றி ஒருவரும் நீரில் இறங்கமாட்டார் என்பதில் பூரண நம்பிக்கை உடையவர்களாக இருந்தமையால், அவருக்கு அரசாங்கச் செலவிலேயே ஊதியம் கொடுத்து வந்தார்கள். நிர்வாக சாஸ்திரத்தில் இதைவிடச் சிறந்த பாடம் ஒன்றை நான் கண்டதில்லை.

போர்ச்சுகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என்று கடலின் உரிமை கைமாறியபோதும் தொழிலின் கிரமம் அதிகம் மாறவில்லை. கரையிலிருந்து பல மைல் தூரத்தில், கடலடியில் பாறையும் மணலும் கலந்து கிடக்கும் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அவற்றில் பிரசித்தமானது. திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் எதிரே தென்பகுதிப் பார்கள் உண்டு. பாகம் என்ற மாலுமி அளவில் ஐந்து முதல் பத்து வரை ஆழமுள்ள இந்தப் பார்களில், சிப்பிகள் நூல்போன்ற தம் இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு, கொத்துக் கொத்தாகச் சில ஆண்டுகள் செழிப்பதும், பிறகு காரணம் விளங்காதபடி பல ஆண்டுகள் அடியோடு மறைவதுமாக இருந்தன. ஆகவே சலாபம் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா அன்று. அரசாங்கத்தார் முன்கூட்டியே ஆளனுப்பிப் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்தை மதிப்பிட்டுப் பார்த்து, இலாபம் தேறும் என்று கண்ட பிறகே நாள் குறிப்பார்கள்.

இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் தோணிகள் விடியுமுன் புறப்படும். தோணிக்காரரான சம்மாட்டியின் கீழ் பரதவரும், காயல் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும், சில காலங்களில் அரேபியரும் குளித்தார்கள். சுமார் முப்பது ராத்தல் கல்லில் கால் வைத்து இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு, கயிற்றை அசைத்தால் மேலே நிற்பவர் இழுத்துக்கொள்வார். நண்பகலுக்கு மேல் கரை திரும்பியதும் சிப்பிகள் குவியலாகப் பங்கிடப்பட்டு, குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கும் அரசாங்கத்துக்கு எஞ்சியதும் என்று கணக்காகி, அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது. ஏலம் விட்டவருக்கும் தெரியாது.

சிப்பியைக் கத்தியால் திறந்து பார்த்துவிடலாமே என்று இன்றைய வாசகர் நினைக்கக் கூடும். சிலர் ஆசைக்குச் சிலவற்றைத் திறந்து பார்த்ததும் உண்டுதான். ஆனால் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் கரையேறும் சிப்பியைக் கத்தியால் திறக்க ஆள் காணாது; அப்படியே திறந்தாலும் ஓட்டை ஒட்டிய மேலாடை என்னும் சதையின் மடிப்புகளில் புதைந்து கிடக்கும் கடுகு போன்ற சிறு முத்துகள் கண்ணுக்கு அகப்படா; திறப்பவர் வாயில் போட்டுக்கொள்ளும் பெருமுத்தும் திரும்பி வராது. இம்மூன்று காரணங்களால் முத்து வியாபாரிகள் கண்ட உபாயம், சிப்பியை அழுகவிடுவது. சுற்றிலும் வேலியடைத்த கூடங்களில் அல்லது பழைய மரத்தோணிகளில் குவித்து, வெயிலுக்கும் ஈக்களுக்கும் அவற்றை ஒப்படைத்துவிட்டு, ஒரு வாரமோ பத்து நாளோ காத்திருப்பார்கள். ஈக்கள் முட்டையிட, புழுக்கள் பெருக, சதை கரைந்து குழம்பாகும். பின்பு கடல்நீரை ஊற்றி, புழுவையும் நுரையையும் மேலே வழியவிட்டு, ஓடுகளை ஒவ்வொன்றாக அலசி எறிவார்கள். தோணியின் இருமருங்கும் வரிசையாக உட்கார்ந்து அலசுபவர்கள் ஓட்டை எறிவதற்கன்றி வேறு எதற்கும் கையை உயர்த்தக் கூடாது. தலைமாட்டில் மேஸ்திரி ஒருவர் கண்கொட்டாமல் நிற்பார். கடைசியில் அடியில் தங்கும் மணலும் கசடும் துணியில் பரப்பி உலர்த்தப்பட்டு, விரல் நுனியால் திரும்பத் திரும்பத் துழாவப்படும். அதில் அகப்படுவதுதான் முத்து.

அந்த நாற்றம் எத்தகையது என்பதை, பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் நன்கு அறிவார். அவர் இளம் உத்தியோகஸ்தராக 1906-இல் இலங்கையின் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் வேலை பார்த்தவர். 'முத்துகளும் பன்றிகளும்' என்ற அவரது கதையில் அந்த முகாமின் ஈயும் வெயிலும் துர்க்கந்தமும் நிறைந்திருக்கின்றன. அதற்கு முந்திய 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் அங்கே கரையேறியவை எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் என்றால், எவ்வளவு ஊன் அங்கே வெயிலில் கரைந்தது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். முகாமில் வாந்திபேதி புகுந்து, குளிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைக் கலைக்க நேர்ந்த ஆண்டுகளும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து முத்து, சங்குக் குளிப்பை நேரில் கண்டு 1890-இல் நூல் எழுதிய எட்கர் தர்ஸ்டனும், அவருக்குப் பின் சென்னை மாகாணத்து முத்துப் பார்களின் மேற்பார்வையை ஏற்ற ஜேம்ஸ் ஹார்னெலும் சிப்பியின் வாழ்வையும் நோயையும் பற்றி நிரம்ப எழுதினார்கள்.

அழுகியது எது, அழுகாமல் நின்றது எது என்ற கேள்வியை இரசாயன சாஸ்திரத்திடம் கேட்டால், இரண்டும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்த பொருள்கள் என்ற விடை கிடைக்கிறது. சிப்பியின் தசையும், மேலாடையும், செவுளும் பெரும்பாலும் புரதத்தால் ஆனவை. புரதம் என்று 1838 முதல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் தனிப்பெயரிட்டு அழைத்துவரும் இப்பதார்த்தம், அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெப்டைடுப் பிணைப்பால் இணைந்த நெடுஞ்சங்கிலி. பூமியிலுள்ள சகல ஜீவராசிகளின் உடலிலும் இச்சங்கிலிகளைக் கட்டுவதற்குப் பொதுவாகப் பயன்படும் அமினோ அமிலங்கள் இருபதே. 1820-இல் பிரான்சில் பிராகோனோ என்பவர், எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் பசையை அமிலத்தில் காய்ச்சி, தித்திப்பான கிளைசினைப் பிரித்தெடுத்தார். இருபதில் கடைசியாக அகப்பட்ட திரியோனின் 1935-இல்தான் தெரியவந்தது. அழுகல் என்பது இந்தச் சங்கிலியின் பிணைப்புகள் அறுபடுவதே. செத்த சிப்பியின் சொந்த நொதிகளும், நுண்கிருமிகளும், புழுவின் வயிற்றுச் சாறும் சேர்ந்து சங்கிலியைத் துண்டாட, விடுபட்ட அமினோ அமிலங்களில் லைசின் என்பது கடவரினாகவும், கந்தகம் தாங்கிய சிஸ்டைன் அழுகிய முட்டையின் வாயுவாகவும் மாறுகின்றன. பிணவாடையின் இந்தக் கடவரினையும் அதன் உடன்பிறப்பான புட்ரெசினையும் 1880-களில் பெர்லின் வைத்தியர் லுட்விக் பிரீகர் பிரித்துக் காட்டியபோது, இக்கரையில் அவற்றை ஆண்டாண்டு காலமாக முகர்ந்து வந்தவர்களுக்கு அச்செய்தி எட்டியிராது.

முத்தும் புரதம் கலந்த பொருளே. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அது சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட்டு என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் அதே சரக்கு. கிளிஞ்சல் நீற்றும் சூளைக்குப் போகும் மூலப்பொருளும் அதுவே. மற்ற சிறுபகுதியில் புரதமும் அதைச் சார்ந்த உயிர்ப் பொருள்களும் இருக்கின்றன. சிப்பி ஓட்டின் இந்த உயிர்ப்பொருளுக்கு பிரெஞ்சு இரசாயனி பிரெமி 1855-இல் கொன்கியோலின் என்று பெயரிட்டார். அதைக் கண்ணாரக் காண விரும்புவோர், விலைபோகாத தூள்முத்து ஒன்றை நீர்த்த அமிலத்தில் இட்டுப் பார்க்கலாம். முதலில் முத்தின் மேனியெங்கும் குமிழிகள் அரும்பி, சிறிது நேரம் பொங்கி, மெல்ல அடங்கும். சுண்ணம் கரைந்து போன பின்னும், முத்து இருந்த இடத்தில் முத்தின் வடிவத்திலேயே, பழுப்புச் சாயலோடு, தொட்டால் அமுங்கும் மெல்லிய ஏடுகளின் அடுக்கு ஒன்று மிதந்துகொண்டிருக்கும். அதுவே அந்தப் புரதம். சித்த வைத்தியரோ இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறார்: முத்தை மூலிகைச் சாற்றில் ஊறவைத்து, வறட்டி அடுக்கிப் புடமிட்டுப் பற்பமாக்கும்போது, புரதம் எரிந்து மறைய, எஞ்சுவது சுண்ணச் சத்து மட்டுமே. அமிலம் சுண்ணத்தைத் தின்று புரதத்தை விடுகிறது. நெருப்பு புரதத்தைத் தின்று சுண்ணத்தை விடுகிறது. இரண்டிலும் ஒளி தப்புவதில்லை.

ஒளி ஏன் தப்பவில்லை என்பதற்கு விளக்கம் தந்தவர்களில் முதன்மையானவர் சர் சி. வி. ராமன். பெங்களூரில் தாம் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் 1935-இல் ஒளிரும் சிப்பி ஓடுகளைப் பற்றியும், 1954-இல் கிருஷ்ணமூர்த்தி என்ற மாணாக்கரோடு சேர்ந்து முத்துகளின் கட்டமைப்பையும் ஒளியியல் குணங்களையும் பற்றியும் அவர் கட்டுரைகள் வெளியிட்டார். முத்தின் மேனி, அரகோனைட்டு என்னும் சுண்ணப் படிகத் தகடுகள் மேலும் மேலும் அடுக்கப்பட்டது. ஒவ்வொரு தகட்டின் கனமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே அதனினும் பன்மடங்கு மெல்லிய புரத ஏடு. இத்தகடுகளின் கனம் ஒளியலையின் நீளத்தோடு ஒப்ப நிற்பதால், பல தகடுகளிலிருந்து திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று வளர்த்தும் அழித்தும் நீரோட்டம் என்னும் அந்த ஒளிர்வை உண்டாக்குகின்றன. வியாபாரிகள், இருபது துளையிலிருந்து ஆயிரம் துளை வரை இட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்தைத் தரம் பிரித்து, ஆணிமுத்து முதல் தூள் வரை பெயர் சொல்லி, மஞ்சாடி எடையில் நிறுத்து, எடையின் வர்க்கத்தை ஆதாரமாகக் கொண்ட செவ்வுக் கணக்கில் விலை போட்டபோது, உண்மையில் விலை போட்டது சுண்ணத்துக்கன்று. அதை அவ்வளவு சீராக அடுக்கிய ஓர் ஒழுங்குக்கு. எடை இரட்டித்தால் விலை நான்கு மடங்கு என்ற அந்தக் கணக்கு, கரையோரத்துப் பிள்ளைகள் திண்ணையில் மனப்பாடம் செய்த ஒன்று.

முத்துக்கும் சாவு உண்டு. மேலை ரோம சக்கரவர்த்தி ஹொனோரியஸின் மனைவி மரியாவோடு புதைக்கப்பட்ட ஆபரணங்கள், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 1544-இல் ரோமில் வெளிப்பட்டபோது, பொன்னும் மணியும் பொலிவோடு இருக்க, முத்துகள் மட்டும் கைபட்ட அளவில் பொடிந்து போயினவாம். தகடுகளுக்கு நடுவே இருந்த புரதம் உலர்ந்து சிதைந்தால் தகடுகளைப் பிடித்து வைக்க வேறொன்றும் இல்லை. சிப்பியின் தசை ஒரு வாரத்தில் அடைந்த கதியை முத்தின் புரதம் அடைய ஆயிரம் ஆண்டு பிடித்தது. சுண்ணம் சுற்றிலும் அரணாக நின்று நீரையும் கிருமியையும் தடுத்ததே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

இந்தப் புரதத்தில் எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று கண்டறிவது எளிதாக இருக்கவில்லை. புரதத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, காற்றை நீக்கி, கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி வெப்பத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் வேகவைத்தால் சங்கிலி முற்றும் அறுபட்டு அமினோ அமிலங்கள் தனித்தனியாகும். அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரிக்கும் வழியை 1940-களில் மார்ட்டின், சிஞ்ச் என்ற விஞ்ஞானிகள் வகுத்தார்கள். கலவையின் ஒரு சொட்டைத் தாளின் ஓரத்தில் இட்டு, திரவத்தை அதன்மேல் ஊறி ஏறவிட்டால், ஒவ்வொரு அமிலமும் தன் தன் வேகத்தில் நகர்ந்து தனித்தனி இடத்தில் நிற்கும். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடுகாட்டினால் அவ்விடங்கள் ஊதா நிறத்தில் பூக்கும். இத்தகைய முறைகளால் ஓட்டுப் புரதங்களை ஆராய்ந்தபோது, சில புரதங்களில் கிளைசினும் அலனினும் மிகுந்து பட்டுநூலின் புரதத்தை நினைவூட்டின. வேறு சிலவற்றில் அஸ்பார்டிக் அமிலம் அளவுக்கு மீறி இருந்தது. வீனர், ஹூட் என்ற விஞ்ஞானிகள் 1975-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த அஸ்பார்டிக் அமிலம் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதைக் காட்டி, அதன் எதிர்மின்னேற்றங்கள் கால்சியம் அணுக்களை வரிசையில் நிறுத்தும் அச்சாக இருக்கலாம் என்றார்கள். பிறகு 1996-இல், ஓட்டின் முத்துப் படலத்திலிருந்து எடுத்த புரதம் கண்ணாடிக் கலத்திலும் அரகோனைட்டையே விளைவித்தது என்பதும், ஓட்டின் வெளிப்புறப் படலத்திலிருந்து எடுத்தது கால்சைட்டு என்ற மற்றொரு படிகத்தை விளைவித்தது என்பதும் சோதனையால் நிலைநாட்டப்பட்டன. சரக்கு ஒன்றே, எந்தப் படிகம் என்று தீர்மானிப்பது புரதம். நமது பார்களில் வாழும் பிங்க்டாடா பியூகாட்டா என்ற அதே இனத்துச் சிப்பியிலிருந்து, கார்பனேட்டைத் திரட்டித் தரும் நாக்ரீன் என்ற புரதத்தை ஜப்பானியர் அதே ஆண்டில் பிரித்தறிந்தார்கள்.

ஆயினும் புரத ஆராய்ச்சியில் தமிழ்நாடு பெற்ற பெரும்புகழ் முத்தினால் வந்ததன்று. அதற்கு ஒரு வகையில் காரணமாயிற்று, கடல்கட்டி கட்டிவைக்க முயன்ற சுறா. குலசையிலும் மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் பிடிபடும் சுறாவின் இறைச்சி புட்டுக்கும் கருவாட்டுக்கும் போக, அதன் துடுப்பு மட்டும் தனியே அறுத்து உலர்த்தப்பட்டு, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் கப்பலேறிச் சீனர் விருந்துகளில் சூப்பாவது, 2015-இல் அந்த ஏற்றுமதி தடைசெய்யப்படும் வரை, நெடுநாளைய வியாபாரமாக இருந்தது. கருவாடு போடுவதும் ஒரு புரத சாஸ்திரமே. உப்பு, சதையிலுள்ள நீரை இழுத்துவிடுவதால், சங்கிலியை அறுக்கும் கிருமிகள் பெருக வழியின்றி அடங்குகின்றன. உப்பு வரி கடுமையாக இருந்த காலத்தில், வரியின்றிக் குறைந்த விலையில் உப்புத் தந்து மீனைப் பதப்படுத்துவதற்கென்றே சென்னை மாகாணத்து அரசாங்கம் கரையெங்கும் அடைப்புகளை ஏற்படுத்த நேர்ந்தது என்பதிலிருந்து, உப்பின் விலை ஏழைகளின் சாப்பாட்டில் எவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது என்பது தெரியும். சலாபக் கரையில் புரதத்தை அழியவிட்டவர்களும், பக்கத்துக் கரையில் அதை அழியாமல் காத்தவர்களும் ஒரே குடும்பத்தார்.

சுறாத் துடுப்பின் விறைப்பான நார்கள், தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் வர்க்கத்துப் புரதம். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைமையை ஏற்றபோது கோ. நா. இராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவர் ராமனிடம் பெங்களூரில் பயின்றவர். சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராக இருப்பதைச் சொல்லிச் சென்றார். இராமச்சந்திரன் முதலில் சுறாத் துடுப்பின் கொல்லாஜனையும், பின்னர் கங்காருவின் வால் தசைநாரையும் எக்ஸ் கதிரில் வைத்துப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் விடை கூறினார்: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி, குளிப்பவர் இடுப்பில் கட்டிய முப்புரிக் கயிறுபோல முறுக்குண்டு நிற்கின்றன. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வர வேண்டியதன் காரணமும் இதனால் விளங்கிற்று; முறுக்கின் நடுவே உள்ள நெருக்கத்தில் அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசினைத் தவிர வேறு எதுவும் அடங்காது. பிராகோனோ பசையிலிருந்து கிளைசினைக் கண்டது தற்செயலன்று. பசை என்பதே காய்ச்சிய கொல்லாஜன்.

கிரிக், ரிச் என்ற விஞ்ஞானிகள் முறுக்கின் விவரங்களில் திருத்தம் சொன்னார்கள்; அணுக்கள் சில இடங்களில் இருக்கக் கூடாத அளவு நெருங்குகின்றன என்று ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபத்தைக் கேட்டு இராமச்சந்திரன் சளைக்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதையே முறையாக ஆராயத் தலைப்பட்டு, அதுகாறும் அமைப்புத் தெரிந்த படிகங்களையெல்லாம் துழாவி, இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் உடனிருந்து உழைக்க, 1963-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். அவ்விரண்டு கோணங்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அணுக்கள் மோதிக்கொள்ளாத பகுதிகளை மட்டும் அடையாளமிட்டால், பரந்த வெற்றிடத்தின் நடுவே சில சிறு தீவுகளே எஞ்சுகின்றன. உலகில் எங்கே எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் இந்த இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுச் சரிபார்ப்பது இன்றும் வழக்கம். சென்னையில் அகப்பட்ட எளிய உபகரணங்களைக் கொண்டு இதைச் செய்தவருக்கு நோபல் பரிசு கிட்டவில்லை என்பதைப் பரிசுக் குழுவின் குறையாகவே நான் எண்ணுகிறேன்.

கொல்லாஜன் கட்டுரை வெளியான மறு ஆண்டில், தூத்துக்குடியில் பல ஆண்டுகளாக நின்றிருந்த சலாபம் மறுபடி தொடங்கியது. 1955 முதல் 1961 வரை நடந்த அந்தத் தொடரே இக்கரையின் கடைசிச் சலாபம். அதற்குள் வியாபாரத்தின் அடித்தளம் வேறிடத்தில் தகர்ந்து போயிருந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ 1893-இல் அரைவட்ட முத்தை விளைவித்துக் காட்ட, அதன் பின்னர் அங்கே மற்றவர்கள் முழுவட்ட முத்தின் இரகசியத்தையும் கண்டுகொள்ள, பயிர் முத்து உலகச் சந்தையை நிரப்பியது. முத்து எப்படி உண்டாகிறது என்று ஹெர்ட்மன் என்ற விஞ்ஞானியும் முன்சொன்ன ஹார்னெலும் 1902 முதல் மன்னார் வளைகுடாவில் தேடி, நாடாப்புழுவின் குஞ்சே காரணம் என்று கருதினார்கள். உள்ளே நுழைந்தது புழுவா, மணலா என்பது இரண்டாம் பட்சம். சிப்பியின் மேலாடைத் தோலிலுள்ள செல்கள் சதைக்குள் இடம்பெயர்ந்து, தாம் ஓட்டின்மீது சுரக்கும் அதே புரதங்களை ஒரு சிறு பையாகி உள்ளேயே சுரக்கத் தொடங்குவதே முத்து.

இந்த உண்மையைப் பிரயோகமாக்கியவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1973-இல் அவரும் அவர் சகாக்களும் இந்தியாவின் முதல் உருண்டைப் பயிர் முத்தை விளைவித்தார்கள். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கவும் வழி கண்டார்கள். ஒரு சிப்பியின் மேலாடை ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு துண்டை நறுக்கி, ஓட்டிலிருந்து கடைந்த மணி ஒன்றோடு சேர்த்து மற்றொரு சிப்பியின் உள்ளுறுப்பில் வைத்துவிட்டுக் கடலில் விட்டால், அந்தத் துண்டு பையாகி மணியைச் சூழ்ந்து தன் புரதத்தையும் சுண்ணத்தையும் மாறி மாறிப் பூசுகிறது. விளையும் முத்தின் நிறம் பெரும்பாலும் அதைச் சுமந்த சிப்பியைப் பொறுத்ததன்று. துண்டைக் கொடுத்துவிட்டுச் செத்த சிப்பியைப் பொறுத்தது. இம்முறையில் சிப்பியை அழுகவிட வேண்டிய தேவையும் இல்லை. உள்ளே முத்து எங்கே இருக்கிறது என்று வைத்தவருக்கே தெரியுமாதலால், கத்தியின் ஒரு வெட்டு போதும். ஜப்பானில் குளிர்கால அறுவடையின்போது அப்படித் திறந்த சிப்பியின் மூடுதசையை எறியாமல் எடுத்துக் கழுவி, உணவுக்கு விற்கிறார்கள். அதை விரும்பி உண்பவர்களும் அங்கே உண்டு.